மேனேஜரின் முழங்கால்

நாய் நடக்கும் வீடியோவைப் பார்க்கும்போது முதலில் சத்தத்தை அணைத்துவிட வேண்டும். அவள் வேலை பார்த்த கால்நடை மருத்துவமனையின் எலும்பு, மூட்டுப் பிரிவில் அது எழுதாத சட்டம். அதைக் கொண்டுவந்தவளும் அவள்தான். நாயை வளர்ப்பவர்கள் பேசிக்கொண்டேதான் படம் எடுப்பார்கள். "இடது கால் டாக்டர், இடது கால்தான்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், பார்க்கிற கண் இடது காலிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். பாதி நேரம் நொண்டுவது வலது காலாக இருக்கும். அதனால் சத்தத்தை அணைத்து, வேகத்தைக் கால் பங்காகக் குறைத்து, முதலில் தலை, பிறகு இடுப்பு, கடைசியில் பாதம் தரையில் தங்கும் நேரம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நாய் பொய் சொல்லாது, கூட வருகிறவர்தான் குழப்புவார் என்பாள்.

அப்பா அனுப்பிய பதினான்கு வீடியோக்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள்.

அப்பாவுக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலை. முப்பத்தோரு வருடம் அதே வேலை. அவருடைய பெயர் தெருக்காரர்கள் யாருக்கும் தெரியாது; 'ரீடிங்காரர்' என்றால் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு பேராகப் போவார்கள். ஒருவர் பெட்டியைத் திறந்து எண்ணைப் படிக்க, இன்னொருவர் வாசலில் நின்று எழுதிக்கொள்வார். அப்பா படிக்கிறவர். மாடிப்படிக்கு அடியிலும், உடைந்த நாற்காலியும் காற்றுப்போன சைக்கிளும் அடைந்து கிடக்கும் மூலைகளிலும் தலையை நுழைத்துக்கொண்டு, வெளியே நிற்கிறவருக்குக் கேட்கும்படி இலக்கம் இலக்கமாகச் சொல்வார். "நாலு, ஏழு, மூணு, ஒம்போது." ஒரு மூச்சு விட்டுக் குறிப்பைச் சொல்வார். "கண்ணாடி விரிசல்." "கதவு பூட்டு." "நாய் உண்டு." பத்து வருடம் கழித்துக் கைக்கு அடக்கமான கருவி வந்தது. எழுதுகிற கூட்டாளி வேறு பிரிவுக்குப் போனார். அப்பாவின் வாய் மட்டும் நிற்கவில்லை. வாசலில் ஆள் இல்லாவிட்டாலும், இருக்கிற மாதிரியே கடைசி வரை சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புதிதாகக் குடிவந்த வீடுகளில் ஆள் ஒரு மாதிரியோ என்று எட்டிப் பார்ப்பார்கள்.

வேலை அவருக்கு இரண்டு பழக்கங்களைக் கொடுத்திருந்தது. ஒன்று, எந்த நாயையும் வாசலில் நின்றே படித்துவிடுவார். வாலை ஆட்டுகிறதா என்று பார்க்கமாட்டார். எந்த உயரத்தில் ஆட்டுகிறது என்று பார்ப்பார். அப்படியும் நான்கு முறை கடி வாங்கியிருந்தார். கெண்டைக்காலில் இருந்த தழும்புகளுக்குத் தெருவின் பெயரும் வீட்டு எண்ணும் சொல்வார். இன்னொன்று, கண் வேறொன்றின் மேல் இருந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும். எதிரே உட்கார வைத்துக் கேட்டால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். தொலைபேசியில் இன்னும் மோசம். "சாப்பிட்டியா? வேலை எப்படி? சரிம்மா, வெச்சிடறேன்." நாற்பது வினாடி தாண்டாது.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்பதை அவர் சொன்ன விதம் அவளுக்கு மறக்காது. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்துவைத்து, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, "ரெண்டு, பூஜ்யம், எட்டு, அஞ்சு" என்றார். மூச்சு விட்டார். "அம்மாவுக்கு வயித்துல கட்டியாம். சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடணும்ங்கறார் டாக்டர்." பெட்டியை மூடிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் படியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். அம்மா அதற்கப்புறம் இரண்டு வருடம் இருந்தாள்.

அப்பா எதையும் அப்படித்தான் சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் பின்னாளில் அவளை அதிகம் வதைத்தது.

நாய் வந்தது அவர் ஓய்வுபெற்ற வாரம். கடைசிச் சுற்றில் ஒரு வீட்டில் இரண்டு மாதமாக 'கதவு பூட்டு' என்றே குறிப்பு. வீட்டுக்காரர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் நாயை விட்டுவிட்டார்கள். யாரோ சோறு போட்டிருக்கிறார்கள், யாரும் கதவைத் திறக்கவில்லை. அப்பா கடைசி நாள் ரீடிங் எடுத்துவிட்டு, கம்பிக்குள் கையை விட்டுக் கொண்டியை நீக்கி, நாயையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அலுவலகத்தில் கொடுத்த மாலையை நாய் வழியிலேயே கடித்துத் துப்பியிருந்தது.

"எல்லாரையும் பார்த்துக் கத்துறார். ஒரு வேலையும் செய்யறதில்ல. மத்தியானம் ரெண்டு மணியானா தூங்கிடறார். அச்சு அசல் எங்க ஆபீஸ் மேனேஜர்" என்று தொலைபேசியில் சொன்னார். பெயர் அப்படியே நின்றுவிட்டது. அவள் 'அது' என்று பேசினால் அப்பா திருத்துவார். "அவர்னு சொல்லு. பதவிக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" அவள் சிரித்துவிட்டு மறுபடியும் 'அது' என்பாள். ஒரு நாளைக்குப் பத்து நாய்களுக்கு முழங்காலை மடக்கி நீட்டிப் பார்க்கிறவளுக்கு மரியாதை வாயில் வரவில்லை.

ஏழு வருடம் கழித்து ஒரு நாள், வழக்கமான நாற்பது வினாடியில் ஒரு வாக்கியம் கூடுதலாக வந்தது. "மேனேஜர் லேசா நொண்டுறார்."

அவள் உடனே உட்கார்ந்துவிட்டாள். இது அவளுடைய துறை. உட்காரும்போது காலை ஒழுங்காக மடக்குகிறதா, வெளியே தள்ளி நீட்டிக்கொள்கிறதா? தூங்கி எழுந்ததும் அதிகமா, நடந்த பிறகு அதிகமா? நிற்கும்போது விரல் நுனி மட்டும் தரையைத் தொடுகிறதா? அப்பா எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். பிறகு வீடியோ எடுக்கக் கற்றுக்கொடுத்தாள். ஒரு கையில் நாயின் வார், இன்னொரு கையில் போன், இடுப்பு உயரத்தில் பிடிக்க வேண்டும், பின்னாலிருந்து பாதி, பக்கவாட்டில் பாதி. பேசாமல் எடுங்கள் என்று சொல்லவில்லை. எப்படியும் அணைத்துவிட்டுத்தானே பார்க்கப்போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சரியாக வீடியோ வரும். அப்பாவின் கை ஆடாது; ஒரு நிமிடத்துக்குக் குறையாது, இரண்டைத் தாண்டாது. இவ்வளவு சுத்தமாக எடுக்கிறவரைத் தன் முழு அனுபவத்தில் பார்த்ததில்லை என்று மயக்க மருந்து கொடுக்கும் தோழியிடம் பெருமையாகச் சொன்னாள். மூன்றாவது வீடியோவில் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. வலது பின்னங்கால், முழங்கால் ஜவ்வு.

நாய்களுக்கு அந்த ஜவ்வு, பந்தாட்டக்காரர்களுக்குப் போல ஒரே நாளில் பட்டென்று அறுவது குறைவு. கயிறு பிரி பிரியாக நைவதைப்போல மாதக்கணக்கில் நையும். கடைசிப் பிரி அறும் நாளில்தான் வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியவரும். அதற்குள் கீழ்க்கால் எலும்பு ஒவ்வொரு அடிக்கும் முன்னால் வழுக்கி, நடுவில் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பை நசுக்கத் தொடங்கியிருக்கும்.

அப்பா வாடகைக் கார் பிடித்து ஐந்து மணி நேரம் நாயோடு பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார். மயக்கத்தில் கிடந்த நாயின் தொடையை ஒரு கையாலும் கீழ்க்காலை மறு கையாலும் பிடித்து அவள் அசைத்தபோது, முழங்கால் மேசை டிராயர் போல முன்னும் பின்னும் நகர்ந்தது. மறுநாள் அவளே அறுவை செய்தாள். கீழ்க்கால் எலும்பின் மேல்முனையைப் பிறை வடிவில் அறுத்துச் சற்றுத் திருப்பி, தகடு வைத்து, ஆறு திருகாணி போட்டாள். மூட்டைத் திறந்தபோது குருத்தெலும்பின் பின்பாதி கிழிந்து மடங்கிக் கிடந்தது. அவள் எதிர்பார்த்ததைவிட மோசம். கிழிந்த துண்டை வெட்டி எடுத்தாள்.

வெளியே வந்து அப்பாவிடம் கேட்டாள். குருத்தெலும்பு இப்படிக் கிழிந்தால் நடக்கும்போது முட்டியில் 'டக்' என்று கேட்கும்; கேட்டதா?

"சொன்னேனேம்மா" என்றார் அப்பா.

"எப்போப்பா சொன்னீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த நாய் எலும்புக்கூட்டின் படத்தைப் பார்த்தார். "சரி விடு. இப்பத்தான் எடுத்துட்டியே."

வயசாகிவிட்டது என்று அவள் நினைத்தாள். சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. கேள்வியை அவள் இன்னும் ஒரு வாக்கியம் நீட்டியிருந்தால் போதும். நடைவழியில் அடுத்த நாய் காத்திருந்தது.

ஊருக்குத் திரும்பிய அப்பா, அவள் எழுதிக் கொடுத்த தாளை மீட்டர் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார். பன்னிரண்டு வாரம் ஓட்டம் இல்லை, குதிப்பு இல்லை, படி இல்லை. முன்னறையின் மூலையில் இஸ்திரி மேசையைப் படுக்கவைத்துத் தடுப்புக் கட்டினார். வீடு முதல் மாடியில். கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா, கணவர் இல்லாதவர், வாசலை ஒட்டிய அறையில் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தைப்பவர். ஒரு நாளைக்கு மூன்று தடவை அப்பா நாயின் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து, பின்பாதியைத் தூக்கிப் பிடித்தபடி, பத்தொன்பது படி இறங்கி ஏறுவதை அந்த அம்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தொன்பது கிலோ நாய். அப்பாவுக்கு அறுபத்தேழு வயது.

தாளில் இவ்வளவும் எழுதிய மகளுக்குப் பத்தொன்பது படியும் தெரியும். அந்தப் படியில்தான் அவள் வளர்ந்தாள். ஆனால் அந்தத் தாள் எல்லா நாய்களுக்கும் கொடுக்கும் தாள். தூக்குகிறவரைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.

அறுவைக்குப் பிறகு பதினொரு வீடியோ வந்தது. ஐந்து நிமிட நடை, எட்டு நிமிட நடை, பத்து. அவள் சத்தமில்லாமல் பார்த்து, இரண்டு வரியில் பதில் அனுப்புவாள். 'எடையை நன்றாக வைக்கிறது. தொடருங்கள்.' 'தொடைச் சதை கூடியிருக்கிறது. மூன்று நிமிடம் கூட்டுங்கள்.' பத்தாவது வீடியோவில் ஒரு புது விஷயம். நாய் நடுவில் இரண்டு முறை நின்றது. நின்று, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தது. மருத்துவக் குறிப்பில் 'நடுவில் நிற்கிறது, லேசான வலி?' என்று குறித்துக்கொண்டு, அப்பாவுக்கு எழுதினாள்: 'நடுவில் நின்றால் பயப்பட வேண்டாம். இந்தக் கட்டத்தில் சகஜம். நடையைக் குறைக்காதீர்கள். வாரத்துக்கு மூன்று நிமிடம் கூட்டுங்கள்.'

பதினான்காவது வீடியோ வந்து மூன்றாம் நாள், புதன்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் அப்பா உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பேப்பர் போடுகிறவர்தான் முதலில் பார்த்தார். நாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, வார் அப்பாவின் மணிக்கட்டில் சுற்றியிருந்தது என்று தொலைபேசியில் சொன்னார். அவள் கேட்ட முதல் கேள்வி, "நாய் எப்படி உட்கார்ந்திருந்தது?" என்பது. காலை மடக்கியா, நீட்டியா என்று கேட்க இருந்தாள். அவர் கேள்வி புரியாமல், "சும்மா உட்கார்ந்திருந்துச்சும்மா" என்றார். அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் கூட்டம். அப்பாவின் தங்கை, அவளுக்கு அத்தை, முன்னறையில் சுவரோரமாக உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். "எங்கண்ணன் அழுத்தக்காரன். பல்லு வலின்னாக்கூட, பல்லைப் பிடுங்கி எறிஞ்சிட்டு வந்துதான் சொல்லுவான். நெஞ்சு வலின்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா?"

தையல்காரம்மா படியேறி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். விரலில் இன்னும் நூல் சுற்றியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க சார்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேம்மா. ஒரு மாசமா படியேறி வந்தா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. கேட்டா, எம் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், அவ நடையைக் கூட்டச் சொல்லிட்டான்னாரு."

"எங்கிட்ட சொல்லலையேக்கா."

"சொன்னேன்னாரே."

"இல்லக்கா. ஒரு தடவை கூட சொல்லலை."

தையல்காரம்மா அவளையே பார்த்தார். பிறகு விரலில் இருந்த நூலைப் பிரித்தபடி, மெதுவாகச் சொன்னார். "அப்ப என் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொல்லியிருக்காரு."

அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள். "நான்தான் சொன்னேனே" என்று முடித்துவைத்தாள்.

அன்றோடு அப்பா மறைத்துவிட்டவர் ஆனார். வந்தவர்கள் எல்லாரும் அதையே சொல்லி அவளைத் தேற்றினார்கள். நீ என்ன பண்ணுவே, அவர் சொன்னால்தானே உனக்குத் தெரியும். அந்த வார்த்தை அவளுக்குத் தலையணை மாதிரி இருந்தது. மூன்று மாதம் அதிலேயே தலைசாய்த்துக்கொண்டாள். அப்பாவின் மேல் கோபம்கூட வந்தது. டாக்டருக்குப் படித்த மகளை வைத்துக்கொண்டு, நாய் டாக்டர்தான் என்றாலும் டாக்டர்தானே, ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

நாயைத் தன்னோடு கூட்டி வந்திருந்தாள். புது வீட்டில் முதல் வாரம் எல்லாரையும் பார்த்துக் கத்தியது. மத்தியானம் ரெண்டு மணிக்குத் தூங்கியது. வலது கால் அருமையாகக் கூடியிருந்தது. எக்ஸ்ரேயில் அறுத்த கோடே தெரியவில்லை. ஆனால் மூன்றாவது மாதம், காலையில் எழுந்து வரும்போது இடது பக்கம் லேசாக ஏறி இறங்குவதைக் கவனித்தாள். ஒரு முழங்காலில் ஜவ்வு போன நாய்களில் பாதிக்கு இன்னொன்றும் போகும். பழைய வீடியோக்களில் இடது கால் எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் மதிய இடைவேளை. அவளுடைய கணினி பழுதுக்குப் போயிருந்ததால் தோழியின் அறையில் உட்கார்ந்தாள். அந்தக் கணினியில் சத்தத்தை அணைத்துவைக்கும் வழக்கம் இல்லை. மூன்றாவது வீடியோவைத் திறந்தாள்.

"மூணு" என்றார் அப்பா.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை, காலைல ஆறு நாப்பது. மேனேஜர், வலது பின்னங்கால்." ஒரு மூச்சு. "குறிப்பு. நடக்கறப்போ முட்டியில டக்குனு ஒரு சத்தம். பத்து அடிக்கு ஒரு தடவை வருது. நேத்துலேருந்து."

வாசலில் நின்று எழுதிக்கொள்கிறவருக்குச் சொல்லும் அதே குரல். தெளிவாக, அவசரமில்லாமல், இலக்கம் இலக்கமாக. போனுக்கு அந்தப் பக்கம் அவள் நின்று எழுதிக்கொள்கிறாள் என்று அவர் நினைத்திருக்கிறார்.

'சொன்னேனேம்மா.'

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். இடது காலை மறந்தாள். முதலிலிருந்து ஒவ்வொன்றாக, முழு வேகத்தில், கேட்டாள்.

நான்கில் மேனேஜர் இஸ்திரி மேசையின் காலைக் கடித்துவிட்ட செய்தி. ஆறில் மழை. ஏழில் படியின் கைப்பிடி ஆடுகிறது, ஆசாரியைக் கூப்பிட வேண்டும். எட்டில், அம்மா இருந்திருந்தால் நாயை வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டாள் என்று சொல்லிவிட்டு, கொஞ்ச தூரம் ஒன்றும் சொல்லாமல் நடந்து, "விட்டிருப்பா" என்றார். தொலைபேசியில் நாற்பது வினாடிக்கு மேல் தாங்காத மனிதர், நாயின் முதுகைப் பார்த்து நடந்தபடி, வாராவாரம் மகளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

பத்தாவது.

"பத்து. ஞாயித்துக்கிழமை, ஆறு அம்பது. தண்ணித் தொட்டி வரைக்கும் போயிட்டு வர்றோம். மேனேஜர் நல்லா நடக்கறார். எனக்குத்தான் நெஞ்சுல ஒரு இறுக்கம். நடந்தா வருது, நின்னா போயிடுது." குரல் நின்றது. படமும் நின்றது. வார் இறுகியதும் நாயும் நின்று, திரும்பிப் பின்னால் பார்த்தது. அவள் 'லேசான வலி?' என்று குறித்துக்கொண்ட இடம் இதுதான். "இந்த மாதிரி நடுவுல நிக்க வேண்டியிருக்கு. என்ன பண்ணலாம்னு பார்த்துச் சொல்லும்மா."

வலி இருந்தது. வாரின் இந்த முனையில் இருந்தது.

வீடியோவுக்குக் கீழே அவளுடைய பதில் இருந்தது. அதைப் படிக்கத் தேவையில்லை. படித்தாள்.

பதினொன்றில் அவர் குரலில் நிம்மதி இருந்தது. சகஜம்னு சொன்னது தெம்பாக இருக்கிறது, சொன்னபடி மூன்று நிமிடம் கூட்டியாகிவிட்டது, இறுக்கம் இப்போது இடது தோள்பட்டை வரை வருகிறது, பயப்படவில்லை. பன்னிரண்டில் துண்டைப் போட்டுத் தூக்கும்போது வேர்த்துவிடுகிறது என்றார். பதின்மூன்றில் சிரித்தார்.

"கீழ்வீட்டம்மா ஒரே திட்டு. நாய் டாக்டர் பேச்சைக் கேட்டா நாய் மாதிரிதான் நடக்கணும்ங்கறாங்க. நான் சொன்னேன், எம் பொண்ணு நடையைப் பார்த்தே உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடுவா, உங்களை மாதிரி அளவு நாடா எல்லாம் வேண்டாம்னு."

பதினான்கில் குறிப்பு எதுவும் இல்லை. "பதினாலு. இருபது நிமிஷம்" என்று மட்டும் சொன்னார். மீதி ஒன்றரை நிமிடமும் மூச்சுச் சத்தம். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. எந்த நாயின் வீடியோவிலும் இப்படி மூச்சு கேட்டிருந்தால், அன்றைக்கே கொண்டுவரச் சொல்லியிருப்பாள். அதற்கு அவள் அனுப்பியிருந்தது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு சின்னப் படம்.

தோழி கதவைத் தட்டி, ஒன்றரை மணிக்கு ஒரு முழங்கால் இருக்கிறது என்று நினைவூட்டினாள். வருகிறேன் என்றாள். எழுந்திருக்கவில்லை.

சத்தத்தை அணைக்கும் சட்டம் தப்பில்லை. அதை யோசித்துப் பார்த்தாள். நாய்களுக்கு அது சரியான சட்டம்தான், நாளைக்கும் அதையேதான் செய்ய வேண்டும். தப்பு அதில் இல்லை. வேறெதையாவது பார்த்துக்கொண்டுதான் அப்பா பேசுவார் என்று இருபது வயதிலேயே, மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று தெரிந்துகொண்டவள் அவள். ஊரில் வேறு யாருக்கும் அது தெரியாது. அத்தைக்கும் தெரியாது. அவர் கையில் ஒரு போனைக் கொடுத்து, நாயின் முதுகைப் பார்த்துக்கொண்டே வாராவாரம் நடங்கள் என்று சொன்னவளும் அவளே. பேச வேண்டிய இடத்தை அவளே ஏற்பாடு செய்துகொடுத்துவிட்டு, காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கைப்பேசியை எடுத்துத் தையல்காரம்மாவை அழைத்தாள். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"அக்கா, நான்தான். அப்பா எங்கிட்ட சொன்னார்."

"எதைம்மா?"

"நெஞ்சு இறுக்கமா இருக்குன்னு. போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். அன்னிக்கு நான் உங்ககிட்ட இல்லைன்னு சொன்னது தப்பு. அவர் உங்ககிட்ட பொய் சொல்லலைக்கா."

இயந்திரம் நின்றது.

"அப்ப நடையைக் கூட்டச் சொன்னது?"

அது நாய்க்குச் சொன்னது. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். வீடியோ, சத்தம், கால் பங்கு வேகம் எல்லாவற்றையும் விளக்கினால் தையல்காரம்மாவுக்குப் புரியும். அடடா என்பார், விதிம்மா என்பார், நீ என்ன பண்ணுவே என்று மறுபடியும் தேற்றத் தொடங்கிவிடுவார்.

"அதுவும் நான்தான் சொன்னேன்" என்றாள்.

தையல்காரம்மா தேற்றவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, வேறு எதைக் கேட்பது என்று தெரியாதவர்போல, மேனேஜர் எப்படி இருக்காரு என்று கேட்டார்.

"இடது கால் நொண்டறார்க்கா" என்றாள் அவள். "பார்க்கணும்."

வைத்துவிட்டு, அத்தையின் எண்ணைத் தேடத் தொடங்கினாள்.